கண்ணாடியில் அசையும் கை

குயீன் வீதிக் கோப்பிக் கடைக்கு வெளியே இருட்டுகிறது. ஜன்னல் கண்ணாடி உள்ளிருப்பவர்களைக் காட்டத் தொடங்குகிறது. தன் படத்தைத் திரையிட ஜப்பானிலிருந்து வந்திருக்கும் அனிமேஷன் இயக்குநர் மொரினோ அதைப் பார்த்தபடி தனியே இருக்கிறார். கையை உயர்த்தி மெல்ல அசைக்கிறார்; இறக்கித் தாளில் வரைகிறார். பின்னால் மேசை துடைக்கும் குணவதி, கண்ணாடியில் அசைந்த கையைப் பார்த்துத் தானும் கையசைக்கிறாள். "அன்ரி, அது உங்களுக்கில்லை," என்கிறாள் கல்லாவில் நிற்கும் நிரூபா. "உவர் தன்ரை கையைப் பாத்துப் படம் கீறுறார். நேற்றுக் கேட்டனான். முப்பது வருசமாய் அவரின்ரை படங்களில வழியனுப்புற கையெல்லாம் இந்தக் கைதானாம்." குணவதி ஈரத்துணியை மடிக்கிறாள். வெளியே தண்டவாளத்தில் ஸ்ட்ரீட்கார் மணியடித்துப் போகிறது. மொரினோ மறுபடி கையசைக்கிறார். நிரூபாவைத் திரும்பிப் பாராமல் குணவதியும் கையை உயர்த்துகிறாள். கண்ணாடியில் இரண்டு கைகள். அவர் பென்சிலை எடுக்கவில்லை. கையை இறக்கவும் இல்லை.