கடல் பார்த்த அறை

ஒட்டடைக்குச்சி மேல்மாடி அறைக்குள் ஓசைப்படாமல் நுழைந்து, தன்னுடையது அல்லாத ஒரு நீலச் சட்டையை அலமாரியில் தொங்கவிட்டான். தன்னுடையது அல்லாத ஒரு ஜோடிச் செருப்பைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினான். யாராவது பார்த்தால் திருடன் என்றுதான் நினைத்திருப்பார்கள். திருடன் எடுப்பான், இவனோ கொண்டுவந்து வைத்தான்.

சன்னல் வழியே படகுத்துறை தெரிந்தது. வாரத்துக்கு இரண்டே முறை அந்தத் தீவுக்கு வரும் படகிலிருந்து சுருட்டையின் அப்பாவும் அம்மாவும் இறங்கி, இருநூறு வருடப் பழைய கல் விடுதியை அண்ணாந்து பார்த்தபடி நின்றார்கள்.

விடுதியில் அவனோடு வேலை பார்த்த சுருட்டை செத்துப்போய் இரண்டு மாதம். விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்பி அவன் ஏறிய படகு பாதி வழியில் கவிழ்ந்தது. பிள்ளை இருந்த இடத்தை ஒருமுறை பார்த்தால் போதும் என்று அம்மா கேட்க, விடுதி முதலாளியம்மா இரண்டு நாள் வந்து தங்கச் சொல்லிவிட்டார். அறை, மூன்று வேளைச் சாப்பாடு, படகு, எல்லாம் இலவசம்.

அப்பா போன வாரமே போன் செய்திருந்தார். "தம்பி, அவன் வரவேற்பு மேஜையில வேலை பாத்தான், கடல் பாத்த ரூம்ல படுத்தான்னுதான் அவங்கம்மா நம்பிட்டிருக்கா. அவன் அப்படித்தான் சொல்லி வெச்சிருந்தான். நெசம் எனக்கு மட்டுந்தான் தெரியும். பொய்யின்னு தெரிஞ்சா அவகிட்ட இருக்குற மிச்ச உசுரும் போயிடும். நீதாம்ப்பா காப்பாத்தணும்."

வேறு யாரும் உளறிவிட வழியில்லை. அந்தத் தீவில் அவர்கள் மொழி தெரிந்தவன் இவன் ஒருவன்தான்.

கீழே ஓடினான். வாசலில் அம்மா அவனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

"நீதான் ஒட்டடைக்குச்சியா? எம்புள்ள ஒன் ஒசரத்தைக் கூட்டிச் சொல்றான்னு நெனச்சேன். கொறச்சுதான் சொல்லியிருக்கான்."

சிரித்துவிட்டான். சிரித்துவிட்டோமே என்று பயந்துபோய், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். "இதோ, இந்த மேஜையிலதாம்மா நிப்பான்."

மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் எதுவும் புரியாமல் புன்னகைத்தாள். அம்மா மேஜையின் விளிம்பைத் தடவினாள். "வெயில் படாத வேலை" என்றாள். அதை அப்பாவைப் பார்த்துத்தான் சொன்னாள்.

மேலே, அறையில், அலமாரியைத் திறந்தாள். நீலச் சட்டையின் மூன்றாவது பொத்தானில் மட்டும் நூல் வேறு நிறம். "நான் தெச்சது" என்றாள். பிறகு கட்டிலில் உட்கார்ந்து விரிப்பை இரண்டு விரலால் தேய்த்து, மோந்து பார்த்தாள்.

"இன்னொரு தண்ணி அலசியிருக்கலாம். சோப்பு போகல."

"வந்த எடத்துலயும் ஆரம்பிச்சிட்டியா?" அப்பா ஒட்டடைக்குச்சியிடம் திரும்பினார். "முப்பது வருஷம் ஆஸ்பத்திரி மிஷின்ல துணி வெளுத்தவ, தம்பி. கல்யாணத்துக்குப் போனாலும் பொண்ணைப் பாக்க மாட்டா. மேஜைவிரிப்பைத்தான் பாப்பா."

"அந்தப் பொழப்பு என்னோட போகட்டும்னுதானே அவனைப் படிக்க வெச்சேன்."

அப்பா ஒட்டடைக்குச்சியைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்தான்.

அம்மா பையிலிருந்து போனை எடுத்தாள். "தெனம் பேசி அனுப்புவான். இது கடைசியா வந்தது."

சுருட்டையின் குரல் அறைக்குள் வந்தது. "அம்மா, சாப்ட்டாச்சு. இங்க எல்லாம் ஃப்ரீம்மா. கடல்கூட ஃப்ரீ! சத்தம் கேக்குதா? சன்னலுக்குக் கீழயே." குரலுக்குப் பின்னால் ஓர் இரைச்சல் எழுந்தது. ஓங்கி ஓங்கி வந்து, விசிலடிப்பதுபோல் இழுத்து, மெல்ல அடங்கி, டக்கென்று நின்றது.

"பெரிய அலை" என்றார் அப்பா அவசரமாக.

அம்மா எழுந்து சன்னலைத் திறந்தாள். கடல் தட்டில் ஊற்றிய எண்ணெய்போலக் கிடந்தது.

"இன்னிக்குச் சத்தத்தையே காணோமே?"

"காத்து இல்லம்மா. காத்தடிச்சா தூங்கவே முடியாது. அவன் காதுல பஞ்சு வெச்சிக்கிட்டுத்தான் படுப்பான்." அதில் பஞ்சு மட்டும் நிஜம்.

"நல்லா இருந்தானா, தம்பி?"

"ராஜா மாதிரி இருந்தாம்மா."

அம்மா தலையாட்டினாள். அப்பாவின் தோள்கள் அப்போதுதான் இறங்கின. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒட்டடைக்குச்சியின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார்.

கீழே சாப்பாட்டு மணி அடித்தது.

"நீங்க போயி எடம் பிடிங்க. மொகம் கழுவிட்டு வரேன்" என்றாள் அம்மா.

"எடம் பிடிக்க பந்தியா நடக்குது?" என்று முனகியபடி அப்பா இறங்கிப் போனார்.

கல்படிகளில் அவர் காலடிச் சத்தம் தேய்ந்து மறையும்வரை அம்மா அசையவில்லை. பிறகு ஒட்டடைக்குச்சியின் கைகளை அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து மெல்ல இழுத்து விரித்தாள். விரல் நுனிகள் சோப்புத் தண்ணீரில் ஊறி, வெளுத்து, வெடித்திருந்தன.

"அவன் படுத்த எடத்துக்குக் கூட்டிட்டுப் போ, தம்பி. நான் பாத்தேன்னு அவருக்குத் தெரிய வேணாம். எனக்கு ஒண்ணும் தெரியாதுங்கற தைரியத்துலதான் மனுசன் நடமாடுறாரு."

"இதுதாம்மா அந்த எடம்... சத்தியமா..." அவன் கைகளை இழுத்துக்கொள்ளப் பார்த்தான். "அந்தக் கடல் சத்தம்... நீங்களே கேட்டீங்களே..."

அம்மா அவன் விரல்களை விடவில்லை.

"கடல் துணி பிழியாது, தம்பி."