சமையலறைக்கு ஒரு ஸ்பீக்கர்

கூடத்து ஸ்பீக்கர்களோடு ஒத்துப்போக வேண்டும் என்று கடையில் அரைநாள் நின்று, சமையலறைக்கும் மைக் வைத்த ஒன்றைத் தேர்ந்தெடுத்து வந்தவன் சேந்தன்தான். படத்தையும் பாட்டையும் போலவே, அடுப்படியிலிருந்து அவன் மனைவி பூங்கோதை பேசுவதையும் அது வாங்கி, சொல் மாறாமல் அவன் காதுக்கு இதமான குரலாக்கிக் கூடத்து ஸ்பீக்கர்களில் ஒலிக்கச் செய்யும்.

அதன்பிறகு வீட்டில் சண்டையே இல்லை. அதுதான் அவளை அரித்தது. "நான் ஒருத்தியே எத்தனை வேலைதான் பார்க்கிறது?" என்று அவள் கத்தினால்கூட, "சரிடா செல்லம்" என்றுதான் பதில் வந்தது.

அன்று தாளித்துக்கொண்டே சொன்னாள்: "நாளைக்கு அக்கா வீட்டுக்குப் போறேன். திரும்பி வருவேனான்னு தெரியல."

கூடத்தில் அவன் சிரித்தான். "வரலைன்னா நானே வந்து தூக்கிட்டு வரேன்!"

அவள் அடுப்பை அணைத்தாள். அவன் எதிரே போய் நின்று அதையே மறுபடி சொன்னாள்.

சேந்தன் திடுக்கிட்டு நிமிர்ந்தான். "என்ன கோதை, குரல் ஒரு மாதிரி இருக்கு? சளி பிடிச்சிருக்கா?"

"இல்ல. என் குரலே இதுதான்."

அவன் சங்கடத்தோடு காதைத் தேய்த்துக்கொண்டான்.

"ஒண்ணு பண்ணேன். உள்ளே போய் அங்கேருந்தே சொல்லு. அப்பதான் எனக்கு நல்லாக் கேட்குது."