பன்னிரண்டாவது ஆள்

வேலையை விட்டதற்காக இருதயராஜ் திட்டியதிலிருந்து, மகன் ஜஸ்டின் ஆறு மாதமாக அவரோடு பேசவில்லை. திடீரென்று ஒருநாள் வானகரத்தில் இருக்கும் அவனிடமிருந்து போன் வந்தது.

“அப்பா, நான் செஞ்ச ரயில் ஆப்பை வெளியிடணும்னா, முதல்ல பன்னெண்டு பேர் பதினாலு நாள் போன்ல வெச்சிருந்து பாக்கணும். பதினோரு பேர்தான் கீறாங்க. லிங்க் அனுப்புறேன், சேந்துக்கோ. நடுவுல எடுத்துட்டா மறுபடி முதல்லேர்ந்து எண்ணணும்.”

“காரியம்னாதான் அப்பன் ஞாபகம் வருதா?” என்றபடியே சேர்ந்தார்.

அதன்பின் தினமும் போன். “தொறந்தியாப்பா? எதுனா தப்பு கீதா?”

“அண்ணனூர்ல வண்டி நிக்கிறதையே காட்டல. முப்பது வருசம் அந்த ஊரு ரயில் ஷெட்டுல வேலை பாத்தவன்கிட்டயே கதை உடுறியா?”

அங்கே தொடங்கும் பேச்சு மாத்திரை, மீன் குழம்பு என்று நீளும்.

பதின்மூன்றாம் நாள் மருமகள் ஆக்னஸ் வந்தாள். “நாளையோட முடியுது. என்னாலதாம்மா பன்னெண்டு ஆச்சு” என்றார் பெருமையாக.

“என்ன மாமா, உங்களுக்கு முன்னாடியே முப்பது பேர் சேந்துட்டாங்களே!”

அவள் போனதும் இருதயராஜ் ஆப்பை நீக்கினார். பிறகு மகனை அழைத்தார்.

“தெரியாம கை பட்டு போயிடுச்சுடா. மறுபடி முதல்லேர்ந்து பதினாலு நாளா?”