வாசலில் கரண்டு

“வீட்டு வாசல்லயே கரண்டு மாமா. ராத்திரி பகல்னு கிடையாது, ஓடிக்கிட்டே இருக்கும்.”

அந்தமானிலிருந்து பெண் பார்க்க வந்த அல்போன்ஸ் சொன்ன இந்த வார்த்தையில்தான் சாத்தான்குளம் தையல்காரர் அருள்நாதன் விழுந்தார். அவருடைய தெருவுக்கு அந்த 1961-லும் மின்கம்பம் வரவில்லை. மகள் செலினுக்குக் கல்யாணச் சீராக ஒரு டேபிள் ஃபேனும், கரண்டில் ஓடும் இஸ்திரிப் பெட்டியும் வாங்கிக் கொடுத்தார். அந்தமானில் ஆபீசர்கள் துணியைத் தேய்த்தே அவள் பிழைத்துக்கொள்வாள் என்பது அவர் நம்பிக்கை.

கப்பலிலும், தீவுக்குத் தீவு போகும் லாஞ்சுப் படகிலும் ஃபேன் பெட்டியைச் செலின் யாரிடமும் தரவில்லை. அல்போன்ஸின் தீவான லாங் ஐலண்டில் இறங்கியபோதும் அதை மார்போடு அணைத்தபடியே நடந்தாள். ‘மேல் பக்கம்’ என்று அப்பா கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது தலைகீழாக இருந்தது.

பலகை வீடு. நான்கு சுவரையும் தடவிப் பார்த்தாள். சுவிட்சும் இல்லை, ஒயரும் இல்லை. உத்தரத்தில் ஓர் அரிக்கேன் விளக்கு தொங்கியது.

“ஏங்க, கரண்டு எங்க?”

அல்போன்ஸ் அவளை வாசலுக்குக் கூட்டிவந்து கடலைக் காட்டினான். “தேக்கோ, பாரு, எப்படி இழுக்குதுன்னு. லாஞ்சையே திருப்பிப் போட்டுரும். எங்க கேப்டனே இந்தக் கரண்டுன்னா பயப்படுவாரு.”

செலின் கடலையும் ஃபேன் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். “இதுல எங்க போயி பிளக்கைச் சொருவ?”

அல்போன்ஸுக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. சின்ன வயதிலேயே தீவுக்கு வந்து லாஞ்சில் ஏறிய அவனுக்குக் கரண்டு என்றால் நீரோட்டம்தான்.

“ஊருக்குத் திரும்ப எப்பக் கப்பலு?” என்றாள் செலின்.

“கோவப்படாத செலின். நான் சாரங் பரீட்சை பாஸ் பண்ணா லாஞ்சு ஓட்டுற வேலை குடுத்து போர்ட் பிளேருக்கு மாத்திருவாங்க. அங்க பல்பு எரியுற கரண்டு உண்டு.” உள்ளே ஓடிப்போய் ஒரு தடித்த புத்தகத்தோடு வந்தான். “எனக்கு எழுத்து வராது. நீ படிச்சுச் சொல்லிக் குடு, பரீட்சைல வாயால சொன்னாப் போதும். பொண்ணு ஃபர்ஸ்ட் கிளாஸ் பாஸுன்னு மாமா சொன்னாரு. அதுக்காகத்தான் உன்னையே கட்டிக்கிட்டேன்.”

செலினின் கோபம் இருந்த இடம் தெரியவில்லை. புத்தகத்தைக் கையில் வாங்காமல் கடலைப் பார்த்துச் சொன்னாள்.

“ஒண்ணாங் கிளாஸுதான் பாஸு. ரெண்டுக்கு அப்பா அனுப்பல.”