சமத்து வால்

மேசையின் தலைப்பக்கம் தில்லைநாயகம். கம்பெனி அவருடையது.

சன்னலோரம் ராகவேந்தர். தரச்சான்று கொடுப்பதற்காகச் சோதிக்க வந்தவர்.

கதவை ஒட்டிய நாற்காலியில் அவள்.

நடுவில் மடிக்கணினி. அதில் அவள் எழுதிய கணினிக் கட்டளை.

பெயர் வால். ஒரு கோப்பின் கடைசி வரிகளைக் காட்டும். ‘வால் -5’ என்று அடித்தால் கடைசி ஐந்து வரி.

தரச்சான்றின் புதிய விதி அதை ஏற்கவில்லை. வரிக்கு ஒரு ‘வ’ சேர்த்து, ‘வால் -வ 5’ என்றுதான் கேட்க வேண்டும். பழைய மாதிரி கேட்டால், பிழை என்று சொல்லி நின்றுவிட வேண்டும்.

அவள் மாற்ற மாட்டேன் என்றாள்.

கடலோர மீன்பிடித் துறைகளில் காற்றின் வேகம் காட்டும் திரைகள் இருக்கின்றன. கடைசி அளவுகளை எடுத்துக் காட்ட அவற்றின் பின்னால் ஓடுவது அந்தப் பழைய ‘வால் -5’. அந்தத் திரைகளுக்கு அப்படி எழுதி வைத்தவர்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். திறந்து திருத்த ஆளில்லை.

விதிப்படி மாற்றி அனுப்பினால் திரை வெறுமையாகும்.

காற்று தெரியாமல் படகு இறங்கும்.

“பழசையே கட்டிக்கிட்டு அழுதா எப்படிங்க?” என்றார் ராகவேந்தர்.

“நான் அழல சார். திரை காலியானா கரையில அழுவாவ.”

தில்லைநாயகம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சான்று இல்லையென்றால் ஒப்பந்தம் இல்லை.

“விதி சொல்லுதபடி மாத்திரு தாயி. கொஞ்சம் சமத்தா இரேன்.”

அவள் அவரைப் பார்த்தாள்.

மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பினாள்.

டீ ஆறி ஏடு கட்டியது. அவள் தட்டிக்கொண்டே இருந்தாள்.

திருப்பி வைத்தபோது கட்டளைக்குள், போடவும் அணைக்கவும், புதிதாக ஒரு விசை இருந்தது. அதற்கு அவள் வைத்த பெயர், சமத்து.

ராகவேந்தர் சமத்தைப் போட்டார். வால் விதிக்கு அடங்கி நடந்தது. எல்லாச் சோதனையும் தேறியது.

சமத்தை அணைத்தார். ‘வால் -5’ என்று அடித்தார்.

கடைசி ஐந்து வரி வந்தது.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விதிநூலைப் புரட்டினார். எந்த நிலையில் அடங்கி நடக்கும் என்று எழுத்தில் தெரிவித்தால் போதும் என்றிருந்தது.

“கட்டளைய எழுதினவங்க கையெழுத்துல ஒரு கடிதம். இன்னிக்கே அனுப்பிடுங்க.”

அவர் போனதும் தில்லைநாயகம் குரலைத் தாழ்த்தினார்.

“கடலோரத்துக்கு அனுப்புதப்போ சமத்தைப் போட்டே அனுப்பு தாயி. நமக்கெதுக்கு வம்பு.”

அவள் வெள்ளைத்தாள் எடுத்தாள். பள்ளியில் பழகியபடி ஓரம் மடித்தாள். அனுப்புநர். பெறுநர். பொருள்.

ஐயா,

சமத்தை இயக்கினால் எங்கள் வால் விதிக்கு முழுவதும் கட்டுப்படும். வேண்டுவோர் இயக்கிக்கொள்ளலாம். நாங்கள் இயக்காமலே அனுப்புகிறோம்.

இப்படிக்கு என்று எழுதி, முழுப்பெயரையும் எழுதினாள்.

கூரியர்காரர் வாசலில் வண்டியை அணைக்காமல் நின்றிருந்தார்.

உறையில் கோந்து தடவி மடிப்பை அழுத்திப் பிடித்தாள்.

“சமத்தைப் போட்டாச்சா?” என்றார் தில்லைநாயகம்.

“உள்ள இருக்கு சார். கூப்பிட்டா வரும்.”

கோந்து காய்ந்துவிட்டது.

உறையை அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள்.