செவியர் இனத்தின் கடைசி நிலை

ஆட வேண்டியவர்களில் ஒருவர் வரவில்லை. அந்த நாற்காலியில் நூலாசிரியரின் மனைவியைப் பிடித்து உட்கார வைத்தார்கள்.

இடம், பல் மருத்துவரின் காத்திருப்பு அறை. ஞாயிறு மதியம் நோயாளிகள் வரமாட்டார்கள் என்பதால் அந்த மருத்துவர் அம்மா அங்கேதான் பகடை ஆட்டம் நடத்துவார். வீரன், மந்திரவாதி, குள்ளன் என்று ஆளுக்கொரு வேடம். அவர் கதை சொல்லச் சொல்ல மற்றவர்கள் பகடை உருட்டி முன்னேறுவார்கள்.

அந்த ஆட்டத்துக்கு வெளியாட்கள் எழுதும் துணைநூல்கள் உண்டு. புது இனம், புதுச் சக்திகள். நம் நூலாசிரியர் எழுதியிருந்தது, சத்தத்தை வைத்தே எல்லாம் அறியும் ‘செவியர்’ என்ற இனம். முழுக்கத் தன் கற்பனை என்று முன்னுரையில் தடித்த எழுத்தில் போட்டிருந்தார். இந்தக் குழு ஆடிப் பார்த்துச் சரியென்றால் அச்சுக்குப் போகும்.

சோதனை ஆட்டத்தில் எழுதியவர் வாய் திறக்கக் கூடாது. நூலாசிரியர் ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கவலையெல்லாம் மனைவியைப் பற்றித்தான். ஒரு பக்கம்கூடப் புரட்டாதவள், மானத்தை வாங்கப் போகிறாள்.

செவியர் வேடம் மனைவிக்கே விழுந்தது.

அரசன் செருப்பை உதறிவிட்டு மண்டபத்துக்குள் வருகிறான் என்றார் பல் மருத்துவர். எந்த மனநிலையில் வருகிறான் என்று அறியப் பகடை உருட்டச் சொன்னார்.

“அதுக்கு எதுக்குங்க உருட்டணும்? கோவமாத்தான் வர்றார். செருப்புச் சத்தத்துலயே தெரியுதே.”

பிறகு மனைவி கூட்டாளிகளுக்கு வழி சொல்ல ஆரம்பித்தார். சிரித்துக்கொண்டிருந்தால் சட்டென்று நிறுத்தாதீர்கள், ஏன் நிறுத்தினாய் என்று கேட்பார், மெல்லக் குறையுங்கள் என்றார். தட்டை எங்கே பிடித்தால் சத்தம் வராது என்று காட்டினார். பாதி, நூலில் இருந்த சக்திகள். மீதி, நூலில் இல்லாதவை.

மந்திரவாதியாக ஆடிய கல்லூரிப் பெண் வாயைப் பிளந்தாள்.

நூலாசிரியர் முதலில் பூரித்துப் போனார். தெரியாமல் எடுத்துப் படித்திருக்கிறாள் என்று நினைத்தார். அப்புறம்தான், தானும் வீட்டுக்குள் அப்படித்தான் செருப்பை உதறுவது நினைவுக்கு வந்து, அந்த அரசன் யாரென்று உறைத்தது.

அந்தச் சக்திகளையெல்லாம் எங்கே பார்த்து எழுதினோம் என்பது அந்த நொடிவரை அவருக்கே தெரியாது.

நூலில் ஒரே ஒரு குறை. ஆட ஆட நிலை நிலையாக உயரும் செவியரின் கடைசி நிலைச் சக்திக்கான இடம் காலியாக இருந்தது. எவ்வளவு முட்டிமோதியும் அவருக்கு எதுவும் தோன்றியிருக்கவில்லை. ஆடியவர்களே சொல்லட்டும் என்றார் பல் மருத்துவர்.

“கடைசி நிலையில அவங்க யார் சத்தத்தையும் காது குடுத்துக் கேக்க வேண்டாம். எந்திரிச்சுப் போயிடலாம்,” என்றார் மனைவி.

எல்லோரும் கைதட்டினார்கள். மனைவியும் சிரித்தார். பகடையை வைத்துவிட்டு, கார் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

கண்ணாடிக் கதவு வழியாக எல்லாம் தெரிந்தது. காரின் பின்பக்கத்தைத் திறந்து ஒரு பெட்டியை இறக்கினார். சாவியைக் காரின் மேலேயே வைத்தார். பேருந்து நிறுத்தம் இருந்த பக்கமாக நடந்தார்.

பெரிய பெட்டி. காலையிலிருந்து கிளம்பும்வரை நூலாசிரியர் வீட்டில்தான் இருந்தார். அதை அடுக்கியதும் தூக்கி வந்து காரில் வைத்ததும் அவருக்குக் கேட்கவே இல்லை.