கண்ணாடிக்காரருக்கு எத்தனை?

“பெட்டி கட்டியாச்சாம்மா?” என்று கேட்டார் டெய்லர், தைத்துக்கொண்டிருந்த காலரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“நேத்தே கட்டி வச்சுட்டா என் மருமக. அதை விடுப்பா, கண்ணாடிக்காரருக்கு எத்தனை?” என்றபடி கடைக்குள் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள் நியூஸ் அம்மா.

தெருவே சேர்ந்து அவளுக்கு வைத்த பெயர் அது. உள்ளூர் கவுன்சிலர் யாரென்று கேட்டால் திருதிருவென்று விழிப்பாள். ஆனால் கடல் தாண்டி இருக்கும் ஒரு தேசத்தில் எந்த மாகாணம் யார் பக்கம் என்பது அவளுக்கு அத்துப்படி. அங்கே அதிபர் பதவிக்கு நின்ற இருவரின் பெயரும் வாயில் நுழையாததால், ஒருவர் கண்ணாடிக்காரர், இன்னொருவர் மீசைக்காரர்.

கிண்டல் செய்தவர்கள்கூடக் காரணம் தெரிந்ததும் வாயை மூடிக்கொண்டார்கள். அவளுடைய ஒரே மகன் அந்த நாட்டுச் சிறையில் இருந்தான். வேலைக்குப் போன மூன்றாவது மாதமே ஏதோ அடிதடி. பதினைந்து வருடம் தண்டனை கொடுத்துவிட்டார்கள், நாலுதான் முடிந்திருந்தது.

தான் ஜெயித்தால் வெளிநாட்டுக் கைதிகளை எல்லாம் அந்த வாரமே விமானம் ஏற்றி அனுப்பிவிடுவதாகக் கண்ணாடிக்காரர் மேடைக்கு மேடை பேசி வந்தார். மீசைக்காரரோ ஒருத்தனையும் விடமாட்டேன் என்றார்.

அன்று வாக்கு எண்ணிக்கை. கடைச் சுவரில் மாட்டியிருந்த சின்ன டிவியில் காலையிலிருந்து அதுதான் ஓடியது. கீழே இங்கிலீஷில் ஓடும் எழுத்தை டெய்லர்தான் படித்துச் சொல்ல வேண்டும். இரண்டு பட்டன் தைப்பார், ஒரு மாகாணம் சொல்வார்.

அவருக்கும் இதில் அக்கறை இருந்தது. நியூஸ் அம்மாவின் மருமகள் அவர் கடையில்தான் இரண்டாவது மெஷினில் தைத்தாள். புருஷன் வெளிநாடு போன மறுவாரம் வேலை கேட்டு வந்தபோதே அவள் இடது கையில் இரண்டு விரல் மடங்காது. கதவிடுக்கில் நசுங்கியதாம். அந்தக் கையோடு அவள் காஜா எடுக்கிற நேர்த்தியைப் பார்த்தால் டெய்லருக்கே பொறாமையாக இருக்கும்.

ஆனால் அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்து அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. புருஷன் வந்துவிட்டால் முகம் தெளிந்துவிடும் என்று நினைத்தார். “கண்ணாடிக்காரர் ஜெயிச்சா அன்னைக்கே நாங்க கிளம்பணும்பா” என்று மாமியார் சொன்னதும், மறுபேச்சு இல்லாமல் லீவு கொடுத்தார். விமான நிலையம் ஒரு பகல் தூரம் ஆயிற்றே.

பதினொரு மணிக்கு டெய்லர் மெஷினை நிறுத்திவிட்டுக் கத்தினார். “முந்திட்டாரும்மா! கண்ணாடிக்காரர் எட்டு மாகாணத்துல முந்திட்டாரு!”

நியூஸ் அம்மாவின் முகம் வெளுத்துப் போனது. “இன்னும் எண்ணி முடிக்கலையே” என்றாள். முந்தானை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கினாள். டெய்லர் வாங்கிக் கொடுத்த டீ அப்படியே ஆறிக் கிடந்தது. பாவம், ஆசைப்படவே பயப்படுகிறாள் என்று அவருக்கு மனசு கனத்தது.

“சின்ன வயசுல அவன் என் கையைப் பிடிச்சுக்கிட்டாத்தான் தூங்குவான்” என்றாள் அவள், டிவியைப் பார்த்தபடியே. “அந்தக் கை அப்ப எவ்வளவு மெத்துன்னு இருக்கும் தெரியுமா?”

டெய்லர் ஊசியில் நூல் கோத்தார்.

மத்தியானத்துக்கு மேல் எல்லாம் தலைகீழாயிற்று. தலைநகரத்து வாக்குகளை எண்ண ஆரம்பித்ததும் மீசைக்காரர் மளமளவென்று ஏறினார். நாலு மணிக்குக் கண்ணாடிக்காரரே மைக் முன்னால் வந்து, இரண்டு வார்த்தை பேசிவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இறங்கிப் போனார்.

கீழே ஓடிய எழுத்தை டெய்லர் படித்தார். துணியே இல்லாமல் மெஷினைக் கடகடவென்று ஓட்டிக்கொண்டிருந்தார்.

“சொல்லுப்பா. எதுவா இருந்தாலும் சொல்லிடு.”

“தோத்துட்டாரும்மா” என்றார் டெய்லர். “மனசைத் தேத்திக்குங்க. அஞ்சு வருஷத்துல மறுபடி எலெக்‌ஷன் வராமலா போயிடும்?”

“நல்லாப் பார்த்தியா? திரும்ப ஒருதடவை எண்ண மாட்டாங்களா?”

“மாட்டாங்கம்மா. அவரே ஒத்துக்கிட்டாரு.”

அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். தோள் குலுங்க, சத்தமே வராமல், பெற்ற வயிறு அழுகிற அழுகை. டெய்லரால் பார்க்க முடியவில்லை. கையில் அகப்பட்ட வெட்டுத் துணியில் தன் கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

“நான் வேணா வந்து உங்க மருமககிட்டப் பக்குவமாச் சொல்லட்டுமா? அந்தப் பொண்ணு தாங்காதும்மா.”

அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள். எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு, வாசல் படியில் ஒரு நிமிஷம் நின்றாள்.

“பெத்தவ நானே சொல்றேன்பா, ‘கட்டின பெட்டியைப் பிரிச்சிடுடி, அவன் வரமாட்டான், இனி நாம அவனுக்குப் பயந்து எங்கயும் ஓட வேண்டாம்’னு.”